மூச்சுக்குழாயில் பாக்கு: மதுரையில் ஒரு பிராங்கோஸ்கோபி பிரிவைப் பற்றி

பிரியாணிக் கடைக்கும் பட்டுச்சேலைக் கடைக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் கிடைக்கிறது. ஆஸ்பத்திரி என்று வந்துவிட்டால் "கைராசிக்கார டாக்டர்", இல்லையென்றால் "பணம் பிடுங்குகிறார்கள்". இந்த இரண்டுக்கு நடுவில் யாரும் எதையும் எழுதுவதில்லை. உள்ளே என்ன செய்வார்கள், என்ன கேட்பார்கள், எதற்கு எவ்வளவு ஆகும் என்று தேடியபோது எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் நுரையீரல் பிரிவு. பிராங்கோஸ்கோபி என்பது மூச்சுக்குழாய்க்குள் கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டுப் பார்ப்பது, அது இங்கேதான் நடக்கிறது. பெயர் போடவில்லை, ஏனென்றால் குறைகளையும் சொல்லப் போகிறேன். மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். டாக்டருக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து. பில் கவுண்டருக்கு இரண்டு, அதுவும் அங்கே இருந்த மின்விசிறிக்காக.

நோயாளி என் மாமியார். எழுபதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு, பல் பாதி போய்விட்டது, வெற்றிலை மட்டும் போகவில்லை. உசிலம்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அவர் இருக்கிறாரா என்று பாக்குவெட்டிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். பல் இல்லாததால் பாக்கைக் கடிக்க மாட்டார். சீவலும் பிடிக்காது. கொட்டைப்பாக்கை வெட்டி ஒரு துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஊறவிடுவார். அப்படியே தூங்கியும் போவார்.

சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போய் வந்ததிலிருந்து இருமல். ராத்திரி முழுக்க வெட்டவெளியில் உட்கார்ந்தது, பனி, புழுதி, அதனால்தான் என்று எல்லோரும் சொன்னோம். முதலில் சிரப். அப்புறம் காய்ச்சல் வந்ததும் ஆன்டிபயாட்டிக். காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை. கொஞ்ச நாளில் மறுபடி காய்ச்சல். ஒரு கிளினிக்கில் நெஞ்சில் விசில் கேட்கிறது, வீசிங் என்று இன்ஹேலர் எழுதினார்கள். இன்னொரு இடத்தில் எக்ஸ்ரே எடுத்து வலது பக்கம் கீழே சளி கட்டியிருக்கிறது என்றார்கள். அரசு ஆஸ்பத்திரியில் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்தோம், இல்லை என்று வந்தது. மாத்திரை சாப்பிடும்போது குறையும், நிறுத்தினால் அதே வலது பக்கம், அதே கீழ்ப்பகுதி. இந்த "அதே இடம்" என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு எக்ஸ்ரேயைத்தான் பார்த்தார்கள். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தவர் எவருமில்லை.

கடைசியில் சிடி ஸ்கேன். அதன் ரிப்போர்ட்டில் வலது நுரையீரலின் கீழ் மடல், அதாவது கீழ்ப்பகுதி, சுருங்கியிருக்கிறது என்றும், மூச்சுக்குழாய்க்குள் வளர்ச்சியா என்றும் எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்குறியை எங்கள் வீட்டில் யாரும் படிக்கவில்லை, வளர்ச்சி என்பதை மட்டும் படித்தார்கள். திருப்பூரில் இருக்கும் கொழுந்தன் ராத்திரியே பஸ் ஏறிவிட்டார். பெரிய நாத்தனார் வந்து அத்தையின் காலைப் பிடித்துவிட்டபடி அழுதார். அத்தைக்கு எதுவும் சொல்லவில்லை, ஆனால் வீடு நிறைய ஆட்கள் வந்தால் யாருக்குத்தான் புரியாது.

இனி விமர்சனத்துக்கு வருகிறேன்.

ஓபியில் காலையிலேயே டோக்கன் போட வேண்டும். காத்திருக்கும் இடம் சின்னது, நாற்காலி போதாது. இருமுகிறவர்கள் எல்லோரும் ஒரே நடையில் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருக்கிறது. நுரையீரல் பிரிவில் இப்படி இருக்கலாமா? இதற்கு அரை மதிப்பெண் குறைத்துவிட்டேன். ஆனால் முகக்கவசம் இல்லாதவர்களுக்கு வாசலிலேயே ஒன்று கொடுத்துவிடுகிறார்கள்.

டாக்டர் நாற்பதைத் தாண்டாத ஒரு பெண். எக்ஸ்ரேக்களை எல்லாம் வாங்கித் தேதி வாரியாக வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். அத்தையின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து இடது, வலது என்று மாற்றி மாற்றி ரொம்ப நேரம் கேட்டார். விசில் சத்தம் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கிறது என்றார். ஆஸ்துமா என்றால் பொதுவாக இரண்டு பக்கமும் கேட்குமாம். அதுவரை இதை யாரும் சொன்னதில்லை. அப்புறம்தான் அந்தக் கேள்வி: "பாட்டி, சாப்பிடும்போதோ தூக்கத்துலயோ எதுவும் புரைக்கேறி மூச்சு முட்டுச்சா? இருமல் வர்றதுக்கு முன்னாடி?"

"புரைக்கேறுறது எல்லாருக்கும் உள்ளதுதானே தாயி. யாராச்சும் நினைச்சா ஏறும்" என்றார் அத்தை.

டாக்டர் சிரிக்கவில்லை. "கடைசியா எப்ப நினைச்சாங்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு ஞாபகம் வந்தது. சிவராத்திரி முடிந்து விடிகாலை வேனில் திரும்பும்போது, தூங்கிக்கொண்டிருந்த அத்தை திடீரென்று எழுந்து கண்ணில் தண்ணீர் வர இருமினார். இவர் உச்சந்தலையில் தட்டி, "தம்பி நினைக்கிறான் போலம்மா" என்றார். வேனில் எல்லோரும் சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. வாயில் பாக்கு இருந்ததா? இருந்திருக்கும், எப்போதும் இருக்குமே. அதற்கப்புறம் பார்த்த எந்த டாக்டரிடமும் இதைச் சொல்லத் தோன்றவில்லை. புரையேறியதைப் போய் யார் நோய்க்கணக்கில் சேர்ப்பார்கள்?

டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். பெரியவர்களின் மூச்சுக்குழாய் அகலம். அதனால் சின்னத் துண்டு தொண்டையிலேயே அடைத்து நிற்காமல் கீழே இறங்கிவிடும். வலது கிளை இடதை விட அகலமாகவும் நேராகவும் இருப்பதால் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகும். அங்கே ஒரு மடலுக்குப் போகும் குழாயை மட்டும் அடைக்கும், மற்ற இடமெல்லாம் வேலை செய்யும். அதனால் மூச்சு நின்றுவிடாது. முதலில் வந்த இருமலும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அதற்குப் பிறகு நாள்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், ஒன்றுமே தெரியாது. அப்புறம் அடைப்புக்குக் கீழே சளி தேங்கிக் கிருமி சேர்ந்து காய்ச்சல் வரும். ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொல்லும், பொருளை என்ன செய்யும்? பொருள் இருக்கிற வரை காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும். எக்ஸ்ரேயில் காசு, ஊசி, திருகாணி போன்ற உலோகம் பளிச்சென்று தெரியும். விதை, பருப்பு, பிளாஸ்டிக் எல்லாம் தெரியாமல் போவதே அதிகம். செட் பல்லின் ரோஸ் நிறப் பகுதிகூட எக்ஸ்ரேயில் தெரியாது என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு செட் பல்தான்.

நான் ஐந்துக்கு ஐந்து கொடுத்தது இதற்கடுத்து அவர் சொன்னதற்காக. "பாக்காவும் இருக்கலாம், கட்டியாவும் இருக்கலாம். உள்ளே விட்டுப் பார்க்காம நான் எதையும் சொல்ல மாட்டேன்." கொழுந்தன் எவ்வளவோ கெஞ்சிக் கேட்டும் அதற்கு மேல் ஒரு சொல் பெயரவில்லை. ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அத்தையையும் வைத்துக்கொண்டுதான் இதைச் சொன்னார். வெளியே வந்ததும் அத்தை, "இந்தப் பிள்ளைதான் எங்கிட்டப் பேசுது, நீங்கள்லாம் சுவத்துக்கிட்டப் பேசுறீங்க" என்றார்.

அந்த நடையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு, போகிறவர்கள் தவறாமல் பாருங்கள். இந்தப் பிரிவில் ஆட்களின் மூச்சுக்குழாயிலிருந்து எடுத்த பொருட்களைச் சின்னச் சின்னக் குப்பிகளில் வைத்திருக்கிறார்கள். புளியங்கொட்டை, ஆட்டு எலும்புச் சில்லு, நிலக்கடலை, மூக்குத்தித் திருகாணி, பாதி செட் பல், உறையோடு விழுங்கிய மாத்திரை, பேனா மூடி. ஒவ்வொன்றின் கீழும் வயது மட்டும், பெயர் கிடையாது. குழந்தைகள்தான் இப்படிச் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். ஐம்பது, அறுபது, எழுபத்து நான்கு என்று எழுதியிருந்தது.

கீழ்த்தட்டில் குண்டூசி. பார்த்ததும் உதட்டைத் தடவிக்கொண்டேன். நான் பிளவுஸ் தைக்கிறவள். ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டுதான் துணியை மடிப்பேன், என் அம்மாவும் அப்படித்தான். அங்கிருந்த சிஸ்டரிடம் கேட்டேன். துருக்கி போன்ற நாடுகளில் தலைத்துணியைக் குத்தும் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற, சிரிக்கிற பெண்களுக்கு இப்படி உள்ளே போய்விடுவது டாக்டர்கள் நன்றாக அறிந்த விஷயமாம். இப்போது மிஷின் பக்கத்தில் ஒரு காந்தத் தட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

அலமாரிக்கு மேலே ஒரு பெரிய படத்தாள், இந்த வைத்தியத்தின் வரலாறு. 1897-இல் ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரத்தில் குஸ்டாவ் கில்லியன் என்ற டாக்டர், ஒரு விவசாயியின் வலது மூச்சுக்குழாயில் சிக்கிய பன்றி எலும்பை, நேரான உலோகக் குழாயை வாய்வழியாக இறக்கி எடுத்திருக்கிறார். மரத்துப்போகச் செய்ய அன்றைக்கு கொக்கெய்ன். அதுவரை இப்படி எடுத்தவர் இல்லை. அமெரிக்காவில் செவாலியே ஜாக்சன் என்பவர் தொண்டையிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுத்த பொருட்களைத் தூக்கிப்போடாமல் சேர்த்தே வைத்தாராம். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பொருட்கள் ஃபிலடெல்ஃபியாவில் மூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இருக்கின்றன. வளைந்து போகும் இன்றைய குழாயை 1960-களில் கொண்டுவந்தவர் ஜப்பானின் ஷிகெட்டோ இகெடா. நிறைய மருத்துவமனைகளில் மருந்துக் கம்பெனி காலண்டர்தான் தொங்கும். படிக்கிற மாதிரி ஒன்றை மாட்டிவைத்தவருக்கு நன்றி. ஆனால் தமிழிலும் போட்டிருக்கலாம், நான் கொழுந்தனைப் படிக்கச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

காத்திருக்கும்போது கொழுந்தன் போனில் தேடித்தேடி ஒன்றைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்தில் பிரஸ்டன் என்ற ஊரில் நாற்பத்தேழு வயது ஆள், நெடுநாள் புகைபிடிக்கிறவர், விடாத இருமல். எக்ஸ்ரேயில் ஏதோ தெரிய, புற்றுநோய் என்று சந்தேகித்து உள்ளே பார்த்தால் பிளேமொபில் பொம்மைச் செட்டில் வரும் சாலைக் கூம்பு! ஏழாம் பிறந்தநாளுக்குக் கிடைத்த விளையாட்டுச் சாமானாம். நாற்பது வருஷம் உள்ளேயே இருந்திருக்கிறது. 2017-இல் மருத்துவ இதழில் வந்த செய்தி. அதை நடையில் நின்று சத்தமாக வாசித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் கேட்டார்கள். எங்களுக்கு அன்றைக்கு அதுதான் பிடிமானம். எனக்கு உள்ளூர ஒரு பயம், ஆயிரத்தில் ஒருவருக்கு நடப்பதால்தானே இதழில் போடுகிறார்கள் என்று. வாயைத் திறக்கவில்லை.

தயாரிப்பு எல்லாம் ஒழுங்காக நடந்தது. ரத்தம் உறையும் நேரம், இசிஜி, சர்க்கரை பார்த்தார்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரா என்று வந்த ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்டார்கள். அலுப்பாக இருந்தாலும் கேட்கட்டும், சிலவற்றை முன்னாலேயே நிறுத்த வேண்டுமாம். ராத்திரி சாப்பாட்டோடு நிறுத்தி வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள், காலைச் சர்க்கரை மாத்திரையும் வேண்டாம் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலம். கைநாட்டு வைக்கிற கிழவியிடம் நாலு பக்க ஆங்கிலத்தை நீட்டுவது என்ன நியாயம்? சிஸ்டர் நல்லவர், உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். ரத்தம் கசியலாம், ஆக்சிஜன் இறங்கலாம், வளையும் குழாயால் எடுக்க முடியாவிட்டால் முழு மயக்கம் கொடுத்து நேர்க்குழாய் போட வேண்டியிருக்கும் என்று. எங்களுக்கு நல்ல சிஸ்டர் வாய்த்தார். எல்லோருக்கும் வாய்ப்பாரா? இதற்கும் அரை மதிப்பெண் போயிற்று.

உள்ளே போவதற்கு முன் மரத்துப்போகும் மருந்தைப் புகையாக இழுக்க வைத்தார்கள், அப்புறம் தொண்டையில் ஸ்ப்ரே. வேப்பெண்ணெயைவிடக் கசப்பு, தொண்டையே காணாமல் போனது மாதிரி இருந்தது என்பது அத்தையின் வாக்குமூலம். பிறகு கையில் ஊசி. அரைத்தூக்கம்தான், முழு மயக்கம் இல்லை. மூக்கு வழியாகக் குழாயை விட்டார்களாம். அதெல்லாம் அத்தைக்கு ஞாபகமே இல்லை, "கோயில்ல மேளம் கேட்டுச்சு" என்கிறார்.

சொன்ன நேரத்தைவிடக் கூடவே ஆனது. வெளியே வந்து ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. நடுவில் யாராவது தலையை நீட்டி "நடந்துகொண்டிருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்புறம் டாக்டரே வந்து எங்களை உள்ளே கூப்பிட்டு டிவியில் வீடியோவைப் போட்டுக் காட்டினார். ரோஸ் நிறச் சுரங்கம், அதன் கடைசியில் சிவந்து வீங்கிய சதை. அதுதான் ஸ்கேனில் வளர்ச்சி மாதிரித் தெரிந்ததாம். அந்தச் சதைக்கு நடுவில் பழுப்பாக ஒரு முனை. கவ்வியால் பிடித்தால் வழுக்குகிறது, சதையில் ரத்தம் கசிகிறது, குளிர்ந்த உப்பு நீரை விட்டு நிறுத்துகிறார்கள். மறுபடி வழுக்குகிறது. அப்புறம் நுனி உறைந்துபோகும் கம்பி ஒன்றை உள்ளே விட்டார்கள், கிரையோ என்கிறார்கள். ஈரமான பொருள் அந்த நுனியில் ஒட்டிக்கொள்ளும், ஃப்ரீசர் தட்டில் ஈரக்கை ஒட்டுகிற மாதிரி. விதை, பாக்கு போன்று ஈரம் பிடிக்கும் பொருளுக்கு இது நல்லது, காய்ந்த உலோகத்துக்குச் சரிப்படாது என்றார். ஒட்டியதும் குழாயோடு சேர்த்து மொத்தமாக வெளியே இழுத்துவிட்டார்கள்.

குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. மயக்கம் தெளிந்த அத்தையிடம் காட்டினோம். உற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்கா இம்புட்டு ஆளைக் கூட்டுனீங்க?" என்றார். கொஞ்சம் கழித்து, "இது நான் வெட்டுனதில்ல. பெரியவ வெட்டுனது. நான் இம்புட்டுப் பெருசா வெட்ட மாட்டேன்." பெரிய நாத்தனாருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

வீங்கிய சதையிலும் ஒரு துணுக்கு எடுத்துப் பயாப்சிக்கு, அதாவது புற்று இருக்கிறதா என்று பார்க்கும் சதைப் பரிசோதனைக்கு, அனுப்பினார்கள். பாக்கு கிடைத்துவிட்டதே, இதெதற்கு, பில் ஏற்றவா என்று கொழுந்தன் முணுமுணுத்தார். பாக்குக்குப் பின்னால் வேறு எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று தெரிய வேண்டாமா? எனக்கு அது சரியாகவே பட்டது. நாள்பட்ட புண், புற்று இல்லை என்று முடிவு வந்த பிறகு அவரும் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டார்.

முடிந்து இரண்டு மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. தொண்டை மரத்திருப்பதால் குடிப்பது திரும்ப மூச்சுக்குழாய்க்குள்ளேயே போகும். இதைச் சொல்லிவிட்டுப் போன ஐந்தாவது நிமிஷம் கேன்டீன் பையன் டீயோடு வந்து நின்றான். சிஸ்டர் விரட்டினார். ஆஸ்பத்திரிக்காரர்களே, கேன்டீனுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். சாயங்காலம் லேசாகக் காய்ச்சல் வரலாம், சளியில் ரத்தக்கோடு தெரியலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். வந்தது, பயப்படவில்லை.

இப்போது பில். முதலில் சொன்ன தொகையில் அந்த உறைய வைக்கும் கம்பி சேராது என்று கடைசியில்தான் சொன்னார்கள். ரசீதில் அது தனி வரி. எல்லாம் சேர்ந்து 30,000 ரூபாயைத் தொட்டது, ஸ்கேன் செலவு இதில் சேரவில்லை. எடுத்த வேலைக்கு இது அதிகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூடுதல் கருவி தேவைப்பட்டால் இவ்வளவு ஆகும் என்று முன்னாலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? கேட்டால் கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே "சிஸ்டம்ல அப்படித்தாம்மா வருது" என்கிறார். நீங்கள் போனால் முதல் நாளே மூன்று விஷயம் கேளுங்கள்: கிரையோ இருக்கிறதா, அதற்குத் தனியாக எவ்வளவு, வளையும் குழாயால் முடியாவிட்டால் நேர்க்குழாய் போடும் வசதியும் மயக்க மருந்து டாக்டரும் அங்கேயே உண்டா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் வேறு இடம் பார்ப்பேன். காப்பீட்டு அட்டை வைத்திருக்கிறவர்கள் அதையும் முதல் நாளே காட்டிவிடுங்கள்.

அத்தைக்கு இருமல் முக்கால்வாசி போய்விட்டது. மறு ஸ்கேனில் சுருங்கிய பகுதி விரிந்திருக்கிறது, ஆனால் முழுசாக இல்லை. ரொம்ப நாள் அடைபட்டுக் கிடந்ததால் அந்த இடத்துக் குழாய்கள் கொஞ்சம் தொளதொளத்துவிட்டன, அது இனி அப்படியேதான் இருக்கும், சளி சேராமல் பார்த்துக்கொள்ள மூச்சுப்பயிற்சி செய்ய வேண்டும் என்றார் டாக்டர். இதையும் மழுப்பாமல்தான் சொன்னார். சீக்கிரமே எடுத்திருந்தால் இது மிஞ்சியிருக்காது என்று நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னார், முன்னால் பார்த்தவர்களைக் குறை சொல்லவில்லை.

யார் இங்கே போகலாம்? விடாத இருமல் என்றால் முதலில் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை, காசே கிடையாது. அது இல்லை என்று வந்து, நிமோனியா திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வருகிறது, விசில் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது, இன்ஹேலருக்கு அடங்கவில்லை என்றால் இந்த மாதிரிப் பிரிவுக்குப் போங்கள். பக்கவாதம் வந்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள், குடித்துவிட்டுத் தூங்குகிறவர்கள், சமீபத்தில் பல் வேலை செய்துகொண்டவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம். அவர்களுக்கு உள்ளே போனதே தெரியாமல் இருக்கும். அதே சமயம், கண்ணெதிரே ஒருவர் தொண்டை அடைத்துப் பேச முடியாமல், இருமவும் முடியாமல் தவித்தால் அது ஓபி டோக்கன் போடுகிற விஷயமில்லை. அவரை முன்னால் சாய்த்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே பலமாகத் தட்ட வேண்டும், வரவில்லையென்றால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேலாக அழுத்த வேண்டும், இன்னொருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். உச்சந்தலையில் தட்டுவதால் ஒரு பயனும் இல்லை என்று சிஸ்டர் என் வீட்டுக்காரரிடம் தனியாகச் சொன்னார்.

அத்தை வெற்றிலையை விடவில்லை. பாக்கை உரலில் இடித்துப் போடுகிறார், படுப்பதற்கு முன் வாயைக் கொப்பளித்துத் துப்புகிறாரா என்று பேத்தி டார்ச் அடித்துப் பார்க்கிறாள். பாக்கே வாய்ப்புற்றுக்கு வழி, விட்டுவிடுங்கள் என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார், அத்தையும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டுகிறார்.

பிராங்கோஸ்கோபி எல்லா நாளும் செய்வதில்லை, போன் செய்து கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பழைய எக்ஸ்ரே ஒன்றைக்கூட விடாமல் எடுத்துப் போங்கள். வண்டி நிறுத்த இடம் கிடையாது, பஸ்ஸில் போவதே நல்லது.